ஆபீசர் வருகிறார் என்று பெருக்கினோம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். தெருக்கோடியில் நீலத் தகரம் முளைத்திருந்தது. காலையில் இல்லை. மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் ஆட்கள் வந்து, கம்பி நட்டு, தகரம் அடித்து, சுற்றி வளைத்து… வேலையே முடிந்துவிட்டது! எங்கள் தெருவில் உடைந்த சாக்கடை மூடியை மாற்ற எத்தனை மழைக்காலம் காத்திருந்தோம் தெரியுமா? தகரம் அடிக்க மட்டும் ஒரு மத்தியானம் போதும்.

அந்தத் தகரத்துக்கு முன்னால் அன்றைக்கு ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுத எனக்குக் கை வராது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்கள் சிரிக்கத் தயாராக வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு கடலூர் ரோட்டில் போலீஸிடம் மாட்டிக்கொண்டு முழித்த கதையை இன்னும் சிலர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். மன்னிக்க வேண்டும். இந்த வாரம் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு ஜோக் எழுத எனக்கு வராது.

முதலியார்பேட்டையில் எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஓரமாக ஒரு மைதானம். அதை நாங்கள் திடல் என்போம். வேறு பெயர் கிடையாது, போர்டு கிடையாது, கேட் கிடையாது. தெருப்பக்கம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழல் சாயங்காலம் ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டு மாடிப்படி வரைக்கும் போகும். உள்ளே வேம்பு, புங்கை, பூவரசு. ஓரமெல்லாம் நொச்சி, ஆடாதொடை, அதன்மேல் படர்ந்த கோவைக்கொடி. இருமல் வந்தால் ஆடாதொடை இலைக்கு அங்கேதான் போவோம். நடுவில் மட்டும் புல் முளைக்காத இறுகிய மண்தரை.

அந்தத் தரை ஏன் அப்படி என்றால், அங்கே பெத்தாங் ஆடுவார்கள்.

பாண்டிச்சேரிக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன விளையாட்டு இது. சின்ன மரப்பந்து ஒன்றைத் தூரத்தில் போட்டுவிட்டு, கைக்கு அடக்கமான இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் விழுகிற மாதிரி வீச வேண்டும். யார் குண்டு கிட்டத்தில் நிற்கிறதோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். ஆனால் எது கிட்டத்தில் என்பதில் வரும் சண்டை இருக்கிறதே… கோர்ட்டுக்குப் போகாத குறை! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள் – எங்கள் ஊரில் சொல்தா என்போம் – அவர்களோடு எலெக்ட்ரீஷியன், ஆட்டோ ஓட்டுகிறவர், ஸ்கூல் வாத்தியார் எல்லாரும் சேர்ந்து தினமும் அங்கே தரையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பார்கள்.

அதில் ஒருவர் எமிலியன். எங்கள் பக்கத்து வீடு. அவரும் சொல்தாதான். இஸ்திரி கலையாத சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. பார்க்கிற பெண்களையெல்லாம் "போன்ழூர் மதாம்" என்று தலைசாய்த்துக் கும்பிடுகிற மனிதர். காய்கறிக்காரம்மாவுக்கும் அதே மரியாதைதான். அந்தம்மா வெட்கப்பட்டுக்கொண்டே கொசுறாக இரண்டு பச்சைமிளகாய் அதிகம் போடும்.

அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது.

முதலில் பேர்கள் போயின. அப்புறம் சாவி, கண்ணாடி. ஒருநாள் மீன் வாங்க ஸ்கூட்டரில் பிள்ளைச்சாவடிக்குக் கிளம்பினார். அது வடக்கே. மத்தியானம் தேடிக் கண்டுபிடித்தபோது ஊருக்குத் தெற்கே நோணாங்குப்பம் போட் ஹவுஸில், சுற்றுலா வந்தவர்களோடு டிக்கெட் வரிசையில், காலி மீன்பையோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்தார்கள். டாக்டர் ஸ்கேன் பார்த்தார், நோய்க்குப் பேர் சொன்னார், சீட்டு எழுதிக் கொடுத்தார். இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும் என்றார்.

ஆனால் ஒரு வழி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. திடலுக்குப் போகிற வழி.

சாயங்காலம் ஆனால் துணிப்பையில் குண்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டைத் தாண்டி வலது பக்கம், ரேஷன் கடை, அப்புறம் மர நிழல். என்னிடமே ஒருநாள் சொன்னார்: "ரோட்டுல நெழலு விழுந்திருக்கும் பாரும்மா, அங்க திரும்பிடுவேன். அது ஒண்ணும் கஷ்டமில்ல." ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் அதே வழியில் திரும்பி வந்துவிடுவார். யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவர் நோயாளி இல்லை. குண்டு வீசுகிற முசியே எமிலியன்!

டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். அந்த இடம் அப்படியே இருக்கிற வரைக்கும் போகட்டும், இடத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள், புதிய இடம் இனி அவர் தலைக்குள் ஏறாது என்று.

அவர் மனைவி தெரேஸ் அக்காவுக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.

"அந்த ஒரு நேரந்தான் சரசு எனக்கு. அவரு திடலுக்குப் போனாத்தான் நான் குளிக்கிறேன், துணி தொவைக்கிறேன், ஜெபமாலை சொல்றேன். மத்த நேரமெல்லாம் கேட்டுக்குப் பூட்டு. கட்டுன புருசனை நானே பூட்டி வெக்கிறேன். அது என்னா வலி தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த நிலையில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. ஆமாம், நல்ல செய்திதான். கொண்டுவந்தவர் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் பலராமன். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம், டவுனில் ஹார்ட்வேர் கடை. தெருவில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருகிற ஆள். அவரைப் பற்றி இதில் எதுவும் தப்பாகத் தெரிந்தால் அது என் எழுத்தின் குறை.

"யக்கா, டவுன்ல இருக்கற பொது எடத்தையெல்லாம் கணக்கெடுக்கறாங்களாம். எது பார்க்கு, எது கிரவுண்டு, எது பசுமை எடம்னு வகை பிரிச்சுப் பதிவு பண்றாங்க. பசுமைன்னு பதிவாயிட்டா அப்புறம் எந்தக் கொம்பனும் அதுல ஒரு செங்கல் வெக்க முடியாது. அடுத்த வாரம் நம்ம ஏரியாவுக்கு ஆபீசர் வர்றாங்க!"

கேட்டதும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! இத்தனை வருஷம் எப்போது எவன் வந்து ஷெட் போடுவான் என்று பயந்துகொண்டிருந்த இடம். இனிமேல் சட்டமே காவல். தெரேஸ் அக்கா அன்று மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

அப்புறம் நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். இதை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் ஆபீசர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன செய்தோம்? ஆஸ்பத்திரிக்கு மந்திரி வந்தால் என்ன செய்கிறார்கள்? பெருக்குவோம். கழுவுவோம். சுண்ணாம்பு அடிப்போம். அது நம் ரத்தத்தில் ஊறியது.

"ஆபீசர் வர்ற எடம் கல்யாண வூடு மாரி இருக்கணும்" என்றார் பலராமன். "பொதர் கிதர் இருந்தா பாம்பு இருக்கற எடம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நம்மளைத்தான் குத்தம் சொல்லுவாங்க, பராமரிக்கத் துப்பில்லன்னு."

நியாயமாகத்தான் பட்டது. எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மாதா தேர் வருவதற்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்கிற பழக்கம் இருக்கிறதே, அதே வேகம். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாசி மகத்துக்குச் சாமி வருகிற மாதிரி இவர்கள் ஒரு பக்கம். யார் பக்கம் அதிகம் சுத்தம் என்று போட்டி வேறு! நொச்சி போனது. ஆடாதொடை வேரோடு போனது. கோவைக்கொடியைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எறிந்தார்கள். ஓரத்துப் புல்லையெல்லாம் செதுக்கி எடுத்தார்கள். பலராமன் கடையிலிருந்து மோட்டார் ரம்பம் வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வேம்புக்கும் புங்கைக்கும் பூவரசுக்கும் அதே கதி. "கவாத்து பண்ணா நல்லது, ஜம்முனு துளுக்கும்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ ஒருத்தர் எப்போதும் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்புறம் அடிமரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு, நடுவில் காவிப் பட்டை. கீழே செம்மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டோம். நான்தான் போட்டேன். பெரிய தாமரைக் கோலம். நானும் துடைப்பம் பிடித்தவள்தான். யாரையோ திட்டுகிற பாவனையில் இதை எழுதினால் அது அயோக்கியத்தனம்.

சாயங்காலம் எல்லாரும் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம். திடல் உள்ளங்கை மாதிரி இருந்தது. ஒரு இலை கிடையாது. எவ்வளவு பெருமை எங்களுக்கு!

தெரேஸ் அக்கா மட்டும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "நெழலு போச்சே பலராமா…"

"துளுத்துடும்க்கா. ஒரு மழ பேஞ்சா குபுகுபுன்னு வந்துடும்."

மறுநாள் சாயங்காலம் எமிலியன் வழக்கம்போலக் கிளம்பினார். ரேஷன் கடை வரைக்கும் சரியாகப் போனார். ரோட்டில் நிழல் இல்லை. அவர் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார். மெயின் ரோட்டில் பஸ் அடிக்கிற ஹாரனுக்கு நடுவே நின்றவரை ரேஷன் கடைக்காரர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

"நெழல காணோம், யாரோ எடுத்துட்டாங்கன்றாரு சரசு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் தெரேஸ் அக்கா. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆபீசர் வரப்போகிற பரபரப்பில் இருந்தோம்.

வந்தார்கள். ஒரு இளம்பெண் ஆபீசர், கூட ஒரு உதவியாளர், கையில் டேப்லட். நல்ல பெண். வெயிலில் முகம் கறுத்துப்போய், காலையிலிருந்து சுற்றுகிற களைப்பு. இளநீர் கொடுத்தோம். மசால் வடை கொடுத்தோம். அவர் திடலைச் சுற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது… என்ன இடம் சார்?"

"திடல் மேடம்" என்றார் பலராமன்.

"பார்க்கா?"

"பார்க் மாரிதான் மேடம்."

"பார்க்னா காம்பவுண்ட் சுவர் இருக்கணும், நடைபாதை இருக்கணும், பேர்ப்பலகை இருக்கணும். இங்க ஒண்ணும் இல்லையே. விளையாட்டு மைதானமா?"

"ஆமா மேடம்! தெனமும் ஆடறாங்க."

"என்ன ஆட்டம்?"

"பெத்தாங்."

அவர் டேப்லட்டில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "கிரிக்கெட் இருக்கு, வாலிபால் இருக்கு, கபடி இருக்கு… நீங்க சொல்றது இதுல வரலையே சார்."

பாண்டிச்சேரியில் பெத்தாங் வரவில்லை! நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், இதற்குச் சிரிப்பதா அழுவதா?

"சரி, பசுமைப் பரப்புன்னு போடலாமான்னு பாக்கறேன்" என்று அவரே இரக்கப்பட்டு டேப்லட்டைத் தூக்கி நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். செம்மண். வெள்ளை அடித்த கட்டைகள். என் தாமரைக் கோலம்.

"இங்க செடி கொடி எதுவுமே இல்லையா சார்?"

"இருந்துச்சு மேடம்! அடர்ந்து கெடந்துச்சு. நீங்க வர்றீங்கன்னுதான் ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் க்ளீன் பண்ணோம்!"

அதைச் சொல்லும்போது பலராமன் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்தப் பெண் டேப்லட்டை இறக்கினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "எதுக்கு சார் பண்ணீங்க?"

உதவியாளர் வடையைக் கடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் கண்ணால பாக்கறததான் சார் போட முடியும். போட்டோவோட ஏத்தணும். மேலதிகாரிங்க பாத்தா என்னைக் கேப்பாங்க" என்றார். போட்டார். காலி இடம். பக்கத்தில் குறிப்பு: நன்கு பராமரிக்கப்படுகிறது.

நன்கு பராமரிக்கப்படுகிறது என்றதும் சிலர் கை வேறு தட்டினார்கள். அர்த்தம் புரிய எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொன்றையும் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எங்கள் திடலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அதன் கரை முழுக்கச் சீமைக்கருவேலம். குப்பை, செத்த எலி, உடைந்த கமோடு – எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நாங்கள் வெட்டிய நொச்சியையும் ஆடாதொடையையும்கூட அங்கேதான் கொட்டினோம். ஒருத்தரும் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனதில்லை. அதற்கு என்ன வகை கிடைத்தது தெரியுமா? பசுமைப் பரப்பு. பாதுகாக்கப்பட்டது! இனிமேல் அந்த முள்ளில் ஒரு குச்சியை ஒடிக்கக்கூட அனுமதி வேண்டும். மெயின் ரோட்டில் பிளாஸ்டிக் புல் ஒட்டிய ரவுண்டானா ஒன்று இருக்கிறது. அதுவும் பசுமைதானாம். போட்டோவில் பச்சையாகத்தானே தெரிகிறது!

யோசித்துப் பார்த்தால் ஆத்திரம் ஆபீசர்மேல் வரவில்லை எனக்கு. நமக்குச் சுத்தம் என்றால் என்ன? இலை இல்லாத தரை. வாசலில் மரம் இருந்தால் "குப்பை போடுது" என்போம். மரமா குப்பை போடுகிறது? அரசாங்கத்துக்கோ பசுமை என்றால் சுவர் கட்டி, கேட் போட்டு, டிக்கெட் கவுன்ட்டர் வைத்த இடம். இவர்களுக்கு நடுவில் ஒரு மரம் எங்கே போய் நிற்கும்? கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவருக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க ஊர் ஊராக வருகிறார்கள். சுவர் பாரம்பரியம். ஜன்னல் பாரம்பரியம். கதவுப் பிடி பாரம்பரியம். நிழல் மட்டும் எந்த வகையிலும் சேராது.

காலி இடம் என்றால் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வந்து ஊர் மூச்சு முட்டுகிறதே, அந்தக் கார்கள் நிற்க இடம் வேண்டுமாம். பேரும் வைத்துவிட்டார்கள். பசுமை வாகன நிறுத்தம்! போர்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பார்களாக இருக்கும்.

பலராமனும் நானும் கணக்கெடுப்பு ஆபீஸுக்குப் போனோம். தெரேஸ் அக்கா, கேட்டைப் பூட்டிச் சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கூட வந்தார். எங்களுக்குப் பதில் சொன்னவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"முன்னாடி பச்சையா இருந்துச்சுன்னு சொல்றீங்க. போட்டோ இருந்தா கொண்டாங்க. மறுபடி பாக்கச் சொல்றோம்."

போட்டோதானே! எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் துழாவினோம். ஆல்பத்தை இறக்கினோம். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். காதுகுத்து இருந்தது. புது பைக்குக்கு மாலை போட்ட படம் இருந்தது. எல்லாம் திடலில் எடுத்ததுதான். எல்லாரும் ஃப்ரேம் நிறைய முகத்தை வைத்து எடுத்திருக்கிறோம். முகங்களுக்குப் பின்னால் எங்கேயாவது ஒரு கொத்து இலை. ஒரு கிளையின் முனை. அந்த மரத்தை யாராவது தனியாகப் போட்டோ எடுப்பார்களா? அங்கேயேதானே நிற்கிறது! திடல் முழுசாக, தெளிவாக, எல்லார் போனிலும் இருந்த படம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எடுத்த செல்ஃபி.

இருந்ததைக் கொண்டுபோனோம். "இது எந்த எடத்து மரம்னு எப்படிங்க சொல்றது?" என்றார் அவர். அவர் சொன்னதும் சரிதான். எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். அதனால்தான் திடல் போனது.

இதற்கு நடுவில் ஒரு மழை பெய்தது. பலராமன் பொய் சொல்லவில்லை. மரங்கள் துளிர்த்தன. சுண்ணாம்பு அடித்த கட்டைகளிலிருந்து குபுகுபுவென்று இளம்பச்சை. ஓரத்தில் நொச்சிகூடத் தலைகாட்டியது. தூங்குமூஞ்சியின் நிழல் தரையில் கிழிந்த துணி மாதிரி அங்கங்கே விழ ஆரம்பித்தது. எமிலியன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்! அங்கே திரும்பினார். குண்டு வீசினார். "நெழலு கெடச்சிருச்சு" என்று வந்து சொன்னாராம். தெரேஸ் அக்கா அன்று நிம்மதியாகத் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு என் வீட்டுக்கு வந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

பலராமன் துளிர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். "இது இப்பத்திய நெலவரம். பதிவான அன்னிக்கு இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் கடையைத் திறக்கவில்லை. அந்த மோட்டார் ரம்பத்தைத் தெருவில் போட்டுச் சுத்தியலால் அடித்தார் என்று அவர் சம்சாரம் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. தகரம் வந்தது.

காபி டம்ளரோடு நின்றேன் என்று சொன்னேனே… அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. எமிலியன். இஸ்திரிச் சட்டை, வெள்ளை ஷூ, துணிப்பை. "போன்ழூர் மதாம்." தெரேஸ் அக்கா உள்ளே குளிக்கப் போயிருக்க வேண்டும். தகரம் அடித்தது அக்காவுக்குத் தெரியாது. போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவர் பின்னாலேயே நடந்தேன்.

கேட்டைத் தாண்டி வலது பக்கம். ரேஷன் கடை. நிழல். திரும்பினார். ஒரு தப்பும் இல்லை. தகரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாந்து, தகரத்துக்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்தார். மறுபடி தகரத்தைப் பார்த்தார். பையில் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

ஈரப் புடவையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார் தெரேஸ் அக்கா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் தகரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தெரேஸ்… நான் வழி தப்பி வந்துட்டேன்" என்றார் எமிலியன். "மரம் நம்ம திடல் மரம் மாரியே இருக்குது. ஆனா திடல் இல்ல. வேற தெருவு இது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஆமாங்க" என்றார். குரல் உடையவே இல்லை. "வேற தெருவுதான். வாங்க, வூட்டுக்குப் போலாம்."

"எனக்கு இந்த ஒரு வழியாவது தெரியும்னு நெனச்சேன்…"

"பரவால்ல வாங்க."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்தக் கேட்டுக்கு எல்லா நேரமும் பூட்டுதான். சாயங்காலமானால் உள்ளேயிருந்து கேட்டை ஆட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.

அன்று என்னைத் தாண்டிப் போகும்போது எமிலியன் ஒரு நிமிஷம் நின்று, தலைசாய்த்துச் சொன்னார்: "பார்தோன் மதாம். உங்களுக்கு வீண் அலைச்சல் குடுத்துட்டேன். தப்பு எம்மேலதான்."

இந்தத் திடல் விஷயத்தில் இதுவரைக்கும் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.